பன்னிரண்டு நிமிடம்

நான்கு நாளாக அந்தப் பெரியவர் காரைக்கால் வங்கிக் கிளைக்கு வந்து டோக்கன் எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தன் எண்ணைக் கூப்பிட்டதும் சீட்டின் பின்னால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கவுண்டர் பக்கமே வராமல் போய்விடுவார்.

'மேலிடம் அனுப்பிய ஆள்தான்!' கவுண்டரில் இருந்த ஜெனிட்டா முடிவே கட்டிவிட்டாள். போனைப் பைக்குள் போட்டாள், ஊர்க்கதையை நிறுத்தினாள். வரிசை மளமளவென்று நகர்ந்தது.

இன்று அவரே எதிரில் வந்து நின்றார்.

"தினமும் என்ன சார் எழுதுறீங்க?" அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"திங்கக்கெழம நாப்பது நிமிஷம்மா. இன்னிக்குப் பன்னெண்டுதான். பென்ஷனுக்கு எங்க வீட்டம்மா இங்க நேர்ல வந்து கைரேகை வைக்கணும். அவளுக்கு முதுகுல ஆபரேஷன், கால்மணி நேரத்துக்கு மேல உக்கார முடியாது. நாளைக்கி கூட்டியாரவா? இல்ல, மறுபடி நாப்பதாயிடுமா?"