தண்ணீர் கேட்காத சுவர்

“அந்தம்மாவை இந்தச் சுவர்ப் பக்கமே விடாதீங்க சார். எனக்கு அவங்க மேல நம்பிக்கை இல்ல.”

முதல் நாளே இன்ஜினியரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள் ஆராய்ச்சிக்காரி.

மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு, வயலில் எரித்துத் தள்ளும் சோளத்தட்டையின் செல்லுலோஸிலிருந்து ஒரு பொடி செய்திருந்தாள். பூச்சுக் கலவையில் ஒரு பிடி சேர்த்தால் போதும், சுவர் தன் ஈரத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். விரிசல் விடாமலிருக்க ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

அந்தம்மா என்றது வாளியக்காவை. பூசிய சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் அவள் வேலை. பொடி ஜெயித்தால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சந்தேகம் வராமல் இருக்குமா?

கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கூடத்தில் எதிரெதிரே இரண்டு சுவர். இடது சுவருக்குப் பொடி, தண்ணீர் கிடையாது. வலது சுவருக்குத் தண்ணீர், பொடி கிடையாது. கொத்தனார் ஒரே நாளில் இரண்டையும் பூசினார். தூசு ஒத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்காரி அன்று வெளியே நின்றுவிட்டாள்.

மறுநாள் முதல் நாற்காலி போட்டு இடது சுவருக்குக் காவல். வாளியக்கா இருமினால்கூடத் திரும்பி முறைத்தாள்.

ஏழாம் நாள் காலை, இடது சுவர் முழுக்க விரிசல்.

“நீங்கதானே என்னமோ பண்ணீங்க?” என்று கத்தினாள் ஆராய்ச்சிக்காரி.

வாளியக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வலது சுவர்ப் பக்கம் நகர்ந்தாள்.

“அவங்க கிட்டயே வரலியே மேடம். நீங்கதானே காவல் இருந்தீங்க?” என்றார் இன்ஜினியர். “பொடி வேலைக்காகாது. மூட்டையை எடுத்துக்கங்க.”

அவள் குனிந்து மூட்டையைக் கட்டத் தொடங்கினாள். இரண்டு முறை போட்டும் முடிச்சு விழவில்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

வாளியக்கா வாளியைக் கீழே வைத்தாள். “பொடி மேல தப்பில்லம்மா. கொத்தனார் சுவரை மாத்திட்டார். பொடி இருக்கறது நான் தண்ணி ஊத்தின சுவர்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“புதுப்பூச்சு ஊத்த ஊத்தக் குடிக்கும், நாலு வாளி பத்தாது. இது ஒரு வாளிக்கே போதும்னு வழிய விட்டுடுச்சு. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு சுவரை நான் பார்த்ததே இல்ல.”

எல்லோரும் கொத்தனாரைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

“நான் பின்வாசல் வழியா வந்தேன் சார். அந்தப் பக்கமிருந்து வந்தா இடது கை வேற சுவராச்சே!”

ஆராய்ச்சிக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. வாளியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க பேசாம இருந்திருந்தா உங்க வேலை நிலைச்சிருக்குமேக்கா?”

“ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சும்மா. சொல்ல மனசு வரத்தான் ஏழு நாளாயிடுச்சு.”