முருகனுக்கு வைத்த எண்ணெய்

அவர் கம்பளிக்குள் கையை விட்டு, அக்குளிலிருந்து புட்டியை எடுத்தார்.

சாய்த்துப் பார்த்தார்.

எண்ணெய் நகர்ந்தது.

"உருகிருச்சு. வா புள்ள."

அவள் பலகையை இழுத்துப் போட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

மார்கழியில் வால்பாறையில் தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும். அடுப்போரம் வைத்த முந்தைய புட்டி பிளாஸ்டிக் சுருங்கிக் கோணிப் போனது. அதிலிருந்து, விடியலில் அவள் எழுந்ததும் புட்டியை அவர் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு படுத்திருப்பார். அவள் சோற்றை வடித்து இறக்குவதற்குள் உருகிவிடும்.

கால் எலும்பு கூடும்வரை அவருக்கு வேறு வேலை இல்லை.

ஆடி மாதம் தேயிலைக் காட்டில் காட்டுமாடு அவரைத் தூக்கி எறிந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்கவில்லை. வராந்தாவில் நின்று அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். முடி இடுப்பைத் தொட்டது. இவர் எழுந்து நடந்து பழனிப் படி ஏறட்டும், இந்த முடி முழுசும் உனக்கு என்று முருகனிடம் சொன்னாள்.

முழுசும்.

அந்த ஒரு சொல்தான் இப்போது உறுத்திக்கொண்டே இருந்தது.

குளிர் தொடங்கியதும் முடி கொட்டுகிறது. ஒவ்வொரு வருஷமும் கொட்டுவதுதான். முன்பெல்லாம் சுருட்டி எறிந்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். இந்த வருஷம் சீப்பில் ஒரு முடி வந்தாலும், திரும்பி, அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறாள்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குளிப்பதை விட்டாள். வெதுவெதுப்போடு சரி. ஈரத்தலையில் கொண்டை போடுவதில்லை. கம்பளிக் குல்லா முடியை அறுக்கிறது என்று கல்யாணப் பட்டில் நைந்து போகாத இடமாகப் பார்த்து வெட்டி, குல்லாவுக்கு உள்பக்கம் வைத்துத் தைத்தாள்.

வெளியே கம்பளி. உள்ளே பட்டு.

அதன்மேல்தான், தேயிலைக் கொழுந்து பறித்துப் போடும் சாக்கின் பட்டை ஏறி அழுத்தும்.

அப்படியும் கொட்டியதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். முடிக்குப் பாத்திரம் தருகிறவர் தோட்டத்து லைன் வீடுகள் வழியே கூவிக்கொண்டு போனபோது, டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவைத்தாள்.

அவர் விரல்கள் உச்சந்தலையில் இறங்கின. தேயிலைச் செடி வெட்டிக் காய்த்துப் போன விரல்கள். முதல் வாரம் முடியைப் பிய்த்தெடுத்தார். இப்போது பக்குவம் வந்துவிட்டது.

நாள் முழுக்கப் பாரம் ஏறுகிற தலை. இந்தப் பத்து நிமிஷம்தான் அதன்மேல் கை மட்டும் இருக்கும்.

அவளுக்குக் கண் சொக்கியது.

வாசலில் நிழல் விழுந்தது. பக்கத்து வீட்டுச் சூசையம்மாள், வேலைக்குக் கிளம்பிச் சாக்கும் கையுமாக.

"என்னண்ணே, எண்ணெய் வச்சாச்சு. அப்படியே ரெட்டச் சடை போட்டுப் பூவும் வச்சு விட்டுருங்க."

அவர் கை சட்டென்று விலகியது.

"இவளுக்கா வைக்கேன்? முருகன் முடிக்குல்ல வைக்கேன்."

"அது சரி. ஒத்த முடி இல்லாத ஆளு உசுருக்கு இடுப்பு முடிய நேர்ந்திருக்கா பாரு, இவளச் சொல்லணும்."

சிரித்துக்கொண்டே போனாள். அவரும் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

பிறகு நல்ல காலை நீட்டிக் கதவைச் சாத்தினார்.

கை திரும்பி வந்தது.

*

தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு பழனிக்குப் போனார்கள்.

அடிவாரத்தில் முடியிறக்க உட்கார்ந்தாள். கத்தி படும் முன், மடியிலிருந்த டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"இதையும் சேத்துக்கங்க."

முடி எடுப்பவர் அவளை ஒருமுறை பார்த்தார். வாங்கி, கூடையில் கொட்டினார்.

முழுசும்.

பிறகு அவள் புருஷன் படி ஏறினார். பத்துப் படிக்கு ஒருதரம் நின்றார். அவள் பின்னால் நின்றாள்.

ஏறிவிட்டார்.

*

மறுநாள் காலை, வால்பாறையில் அதே குளிர்.

அவள் அடுப்பை மூட்டினாள். பிடி இல்லாத தலையில் குல்லா வழுக்கிக்கொண்டே இருந்தது. உள்ளே பட்டில் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது. உலை வைத்தாள். அரிசி போட்டாள். எண்ணெய்ப் புட்டியின் நினைப்பே வரவில்லை.

சோற்றை இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை உடம்போடு ஒட்டியிருந்தது.

முன்னால் பலகை கிடந்தது.

"அதான் குடுத்தாச்சே" என்றாள்.

அவர் புட்டியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார்.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். குல்லாவைக் கழற்றினாள். உட்கார்ந்தாள்.

எண்ணெய் நேராகத் தோலில் இறங்கியது. வெதுவெதுப்பு. அவர் உடம்புச் சூடு.

கதவு திறந்து கிடந்தது. சூசையம்மாள் சாக்கோடு வந்து நின்றாள். மொட்டையைப் பார்த்தாள். வழுக்கையைப் பார்த்தாள்.

"இப்ப யாருக்குண்ணே?"

பலகையில் இருந்தவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். கை விலகும் என்று இருந்தாள்.

விலகவில்லை.

அவர் உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.