அக்கா விட்ட சாபம்

"உன் தலையை என் பானையில போட்டு அவிப்பேன்டா எருவேரா! அந்தத் தண்ணியிலதான் என் பிள்ளைங்களுக்குக் கிழங்கு வேகும்!"

மரவேலியின் மேல் ஏறி நின்று ரிபெக்கா கத்தியது, எதிரே முகாமிட்டிருந்த வெள்ளைக்கார ராணியின் படை வரைக்கும் கேட்டது.

மண்கோட்டைக்குள் காயம்பட்டுக் கிடந்தவர்கள்கூட முனகலை அடக்கிக்கொண்டார்கள்.

ஹோரோமோனா ஜெபப் புத்தகமும் கையுமாக வேலியடிக்கு ஓடிவந்தார். கோட்டைக்குள் காலையும் மாலையும் ஜெபம் நடத்துகிறவர் அவர். அந்தத் தீவின் பூர்வகுடிகளான மாவோரிகளில் ஒருவன் தலைமயிரைத் தொட்ட கையால் இன்னொருவன் உணவைத் தொடமாட்டான்; தலை அவ்வளவு புனிதம். அந்தத் தலையைப் பானையோடு சேர்த்துப் பேசிவிட்டால், வேதம் வந்து இத்தனை காலமான பிறகும், அதற்கு ரத்தம்தான் பதில்.

"இறங்குடி கீழே! அவன் உன் கூடப்பிறந்த தம்பி."

"வெள்ளைக்காரனுக்கு வழிகாட்டப் போனவன் எனக்குத் தம்பி இல்லை, மாமா."

"போனான். துரோகிதான். இல்லைங்கலை. ஆனா என்னைக்காவது திரும்பி வர அவனுக்கு ஒரு வாசல் இருந்துது. அதையும் அடைச்சிட்டியே!"

ரிபெக்கா பதுங்குகுழிக்குள் இறங்கி, பச்சை உருளைக்கிழங்கை நறுக்கிப் பிள்ளைகளுக்கு உறிஞ்சக் கொடுத்தாள். தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது.

"சாயங்கால ஜெபத்துக்கு நீ வராதே," என்றார் ஹோரோமோனா. "அந்த வாயால ஆமென் சொல்ல வேண்டாம்."

"சரி, மாமா."

கோட்டை விழப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பின்பக்கம் இருந்த சதுப்புதான் மிச்சமிருந்த ஒரே வழி. விடியற்காலை மூடுபனியில் பிள்ளைகளையும் காயம்பட்டவர்களையும் அதன் வழியே கடத்திவிட வேண்டும். அதுவரை ஆண்கள் அகழியில் நின்று தாக்குப்பிடிக்க வேண்டும். அதுதான் யோசனை.

இருட்டுவதற்குள் அதற்கும் இடி விழுந்தது. வேலிக்கு அந்தப்பக்கம், படையோடு வந்திருந்த மாவோரி சாரணர்கள் சிரித்துக் கத்தினார்கள்.

"உள்ளே இருக்கிறவங்களே, பானை காஞ்சிடுச்சா? உங்க எருவேராவைச் சதுப்புக் காவலுக்குப் போட்டாச்சு! அக்காக்காரி திட்டினதைத் துபாசி ஒரு வார்த்தை விடாம பெயர்த்துச் சொன்னான். 'இனிமே இவனைவிட நமக்கு நம்பிக்கையான ஆள் கிடையாது'ன்னு தளபதிக்கு ஒரே குஷி!"

சதுப்பில் எருவேராவுக்குத் தெரியாத தடமே கிடையாது.

குழிக்குள்ளிருந்த ஹாராட்டா, தன் கைக்குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு ரிபெக்காவைப் பார்த்தாள். "வேலியேறிக் கத்தினியே, மகராசி! இப்பப் போய் அவன் காலைப் பிடி! என் பிள்ளையைச் சுடாதேன்னு சொல்லு!"

"முன்னால நான் போறேன்," என்றாள் ரிபெக்கா. "முதல் குண்டு எனக்கு விழட்டும்."

"விழும்," என்றார் ஹோரோமோனா. சொன்னபிறகு, ஏன் சொன்னோம் என்றிருந்தது.

விடியும் நேரம் பீரங்கிச் சத்தம் நின்றது. ஊதுகொம்பு கேட்டது. துப்பாக்கி முனையில் கத்தி செருகிய சிப்பாய்கள் கூச்சலோடு அகழியில் குதித்தார்கள். ஆண்கள் அங்கே அவர்களைத் தடுத்து நிற்க, ரிபெக்கா முன்னால் போக, பின்னால் பெண்களும் பிள்ளைகளும் சதுப்பில் இறங்கினார்கள். ஒரு காயக்காரனைத் தோளில் தாங்கியபடி ஹோரோமோனாவும் இறங்கினார். மார்பளவு தண்ணீர். ஐந்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி.

நாணல் விலகியது.

மேட்டில் துப்பாக்கியோடு எருவேரா நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால், பனிக்குள், சிப்பாய்களின் பூட்ஸ் சத்தம்.

ஹாராட்டாவின் குழந்தை சிணுங்கியது.

எருவேரா அக்காவை ஒருமுறை பார்த்தான். பிறகு அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வெறும் பனியைப் பார்த்துச் சுட்டான்.

"மலைப்பக்கம்! மலைப்பக்கம் ஓடறாங்க! என் பின்னால வாங்க!" என்று தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கத்திக்கொண்டே ஓடினான். பூட்ஸ் சத்தம் மொத்தமும் அவன் பின்னால் போனது.

அவர்கள் கரையேறி வெகுநேரம் கழித்து மலைப்பக்கம் ஒரு கோபக் கூச்சல் கேட்டது. அங்கே ஒருவரும் இல்லை என்று கண்டுகொண்டார்கள் போலும். பிறகு பத்துப் பன்னிரண்டு துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் வெடித்தன.

எருவேராவின் குரல் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கோட்டை இருந்த திசையில் புகை எழும்பியது. பிள்ளைகள் ஓடைத்தண்ணீரில் முகத்தை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹோரோமோனா ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். வாசிக்க முடியாமல் மூடினார். தனியே உட்கார்ந்திருந்த ரிபெக்காவின் அருகில் போய் உட்கார்ந்தார்.

"காலை ஜெபத்தை இன்னைக்கு நீ சொல்லும்மா."

அவள் தலையசைத்தாள்.

அவர் கேட்காமலிருக்க முடியாமல் கேட்டார்: "இருந்தாலும்... அவ்வளவு பெரிய வார்த்தை. சொந்தத் தம்பியைப் பார்த்துச் சொல்ல உனக்கு எப்படிம்மா நாக்கு வந்தது?"

"வரவேயில்லை, மாமா," என்றாள் ரிபெக்கா. "போறதுக்கு முந்தி அவன்தான் என்னை எதிர்ல உக்கார வெச்சு, அழாம சொல்ல வர்ற வரைக்கும், திரும்பத் திரும்பச் சொல்லவெச்சான்."