விரலை எடுத்த பிறகும்

இந்தக் காலத்து ஆட்களுக்கு மணியை அழுத்தக்கூடத் தெரியாது. தொட்டுவிட்டு ஓடுகிறான்கள்.

பார்சல்காரன் ஒரு தடவை அடிப்பான். கதவைத் திறந்தால் பெட்டி கிடக்கும், ஆள் தெருமுனையில் இருப்பான். முட்டிவலிக்காரன் எழுந்து வர வேண்டுமே என்கிற நினைப்பு எவனுக்கும் கிடையாது.

அன்றைக்கும் பெரியவர் அப்படித்தான் நினைத்தார்.

பின்பக்கம் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். மணி ஒரு முறை கேட்டது. எவனாவது விலாசம் தவறி வந்திருப்பான். வேண்டுமென்றால் இன்னொரு தரம் அடிக்கட்டும்.

இன்னொரு தரம் அடிக்கவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தெய்வானை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்.

"உங்க சுகந்தி வந்துச்சுங்க மாமா. ஒருக்கா மணிய அடிச்சுது. செத்த நேரம் நின்னு பாத்துட்டுப் போயிருச்சு."

மகள். சொல்லாமல் கல்யாணம் கட்டிக்கொண்டு போனவள். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

மிதித்திருக்கிறாள்.

இப்போது மேசைமேல் ஒரு ரிலே, கரண்ட் வந்தால் தானே ஒட்டிக்கொள்கிற சுவிட்ச். பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்பு ஒன்று. மணி. பழைய ஸ்கூட்டர் பேட்டரி.

ரேடியோவைப் பிரிப்பது, ஃபேனைப் பூட்டுவது, இதெல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு. சர்க்யூட் படம் பார்க்கத் தெரியாது. படம் போட்டவனை நம்பவும் மாட்டார். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரைத் தெரியும். பச்சையை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடலாம். சிவப்பை அழுத்துகிறவரை மோட்டார் ஓடும்.

மணியும் அப்படி அடித்தால் போதும்.

விரல் போன பிறகும் ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் கம்பிக்கால் ஒன்றிலிருந்தே பொத்தானுக்கு ஒரு வயரை இழுத்தார்.

காலை மாற்றிக் கொடுத்துவிட்டார் போல. பேட்டரியில் வயர் பட்டதுமே மணி விட்டுவிட்டுப் படபடத்தது. பொத்தானை யாரும் அழுத்தவில்லை.

எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

போய் நின்ற பிறகுதான் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வயரைப் பிரித்து வேறு காலில் முறுக்கினார். பச்சையை வாசல் சுவரில் மாட்டினார். சிவப்பை உள்ளே, தன் கைக்கு எட்டுகிற இடத்தில். கரண்ட்டை நம்ப முடியாது. ஒரு நொடி போய்வந்தாலும் ரிலே விட்டுவிடும், வந்தவள் வந்த சுவடே இருக்காது. அதற்குத்தான் பேட்டரி. பேட்டரியை மட்டும் எப்படி நம்புவது என்பது வேறு விஷயம்.

தெய்வானையைக் கூப்பிட்டு அழுத்தச் சொன்னார்.

அவள் சூடு பார்க்கிறவள் போலத் தொட்டாள். விரலை எடுத்தாள்.

மணி நிற்கவில்லை.

வீடு முழுக்க அடித்தது. ஒருவர் எழுந்துபோய்ச் சிவப்பை அழுத்துகிறவரை அடிக்கும்.

கேட்டுக்கொண்டே நின்றார். மணியை விட்டுப்போகாமல் பிடித்தாயிற்று. அழுத்தியவளை?

தெய்வானை சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"ஏனுங்க மாமா, நீங்களே ஒரு எட்டுப் போயி அவ வூட்டு மணிய அடிச்சா என்னங்க?"

"அங்க மட்டும் ஒரே அடிக்குத் தொறந்துருவாளாக்கும்."

டெஸ்டரைச் சட்டைப் பையில் சொருகினார். உள்ளே நடந்தார். சிவப்புப் பொத்தானைத் தாண்டும்போது கை அந்தப் பக்கம் போகவில்லை.

மணி அடித்துக்கொண்டிருந்தது.

தெய்வானை இன்னும் வாசலில்தான் நின்றிருந்தாள்.