படத்துக்கு முன்னால் ஒரு குடும்பம்

ஒரு படமாவது விற்ற பிறகுதான் கூடப் படிக்கும் சத்யப்பிரியாவிடம் மனசைத் திறப்பது என்று கொளஞ்சியப்பன் முடிவு செய்திருந்தான். சிதம்பரத்தில் அவர்கள் கல்லூரி அருங்காட்சியகத்தின் கோடைக் கண்காட்சி அன்றோடு முடிகிறது. அவன் வரைந்த பிச்சாவரத்தை இதுவரை ஈக்கள் மட்டுமே நின்று ரசித்திருந்தன.

அப்போதுதான் கீரப்பாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, பட்டுப்புடவையில் அம்மா, இஸ்திரி கலையாத மகன். நேராக அவன் படத்தின் முன்னால் வந்து நின்றவர்கள் நகரவே இல்லை.

படங்களை விளக்கும் பொறுப்பு சத்யாவுடையது. அவளோ காலையிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள்.

"சத்யா, பார்ட்டி சிக்கிடுச்சு. கொஞ்சம் சிரிச்சுப் பேசேன்."

"இன்னிக்கு மட்டும் கேக்காத கொளஞ்சி."

"என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு!"

அவனை முறைத்துவிட்டுப் போனவள், சிரித்துச் சிரித்து விளக்கினாள். அந்த அம்மா மல்லிகைச் சரத்தை எடுத்து அவள் தலையில் வைத்தார். கொளஞ்சி விலைச்சீட்டோடு ஓடினான்.

"எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்கு. கோயில்ல வச்சுப் பாத்தா ஊரே பேசும்னு உங்கப்பாதான் இங்க வரச் சொன்னாரு. ஞாயித்துக்கெழமை தட்டு மாத்திக்கலாம்மா" என்றார் அந்த அம்மா சத்யாவிடம்.

குடும்பம் கிளம்பியது. படத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சுதான்டா சிடுமூஞ்சியா நின்னேன். வேணாம்னு போயிருப்பாங்க. யாருக்காகன்னு நெனச்ச, லூசு?"

கொளஞ்சி விலைச்சீட்டைச் சட்டைப்பையில் திணித்தான்.

"வண்டிய எடு. அப்பா கடலூர்ல வீட்லதான் இருக்காரு."

"நா... நான் எதுக்கு?"

"பொண்ணு கேக்கத்தான்."