ட்ரங்க் காலில் வந்த மாப்பிள்ளை

"சம்மந்தம் வேண்டாம்னு ஒத்த வார்த்த சொல்லிட்டு வையி" என்று அப்பா ரிசீவரை என் கையில் திணித்தார்.

விசாகப்பட்டினத்திலிருந்து ட்ரங்க் கால். பேசியது ஞானதுரை. போன வியாழக்கிழமையே எனக்குத் தாலி கட்டியிருக்க வேண்டியவர்.

அன்றைக்கு சர்ச்சில் எல்லாரும் இருந்தார்கள். எங்கள் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறும் வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்ட போதகர் இருந்தார். அண்டா அண்டாவாகக் கறிக்குழம்பு இருந்தது. மாப்பிள்ளை மட்டும் இல்லை.

கப்பலில் வயர்லெஸ் ஆபீசர். செய்தி அனுப்புவதுதான் பிழைப்பே. ஊர் உலகத்துக்கெல்லாம் தந்தி அடிக்கிறவருக்கு, எங்கள் சங்கரன்கோவிலுக்கு 'வர முடியவில்லை' என்று ஒன்று அடிக்கக் கை வரவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே கிடையாது. வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறேன். அப்பா சொன்னதற்காக இல்லை.

போன் இருந்தது அப்பாவின் இரும்புக்கடையில். கலப்பைக் கொழு வாங்க வந்த பக்கத்து ஊர் திருவேங்கடத்துச் சம்சாரி ஒருவர், பேரத்தை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ" என்று கத்தினேன். இரைச்சல். மறுபடியும் கத்தினேன். யாரோ இந்தியில் சண்டை போட்டார்கள். ஒரு நிமிடம் அதிலேயே போய்விட்டது.

பிறகுதான் அவர் குரல் வந்தது. தொண்டை கட்டியிருந்தது. புயலில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியதாம். இவர்கள் கப்பலைத் திருப்பிக்கொண்டு தேடப் போனார்களாம். அபாயச் செய்தி ஓடும்போது சொந்தச் சேதி ஒரு எழுத்துகூட அனுப்பக் கூடாதாம்; கரை சேரும்வரை அது ஓயவில்லையாம்.

"கடல்ல வேற கப்பலே இல்லையா? உங்க காதுலதான் விழணுமா?"

"அப்படிக் கேளு" என்றார் அப்பா பின்னாலிருந்து.

அவர் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"விழுந்திருக்காது பூரணம். டூட்டி முடிஞ்சு படுக்கத்தான் போனேன். நீ கேட்டியேன்னு தந்தி அடிக்கத் திரும்ப வந்து வயர்லெஸ் செட்டைப் போட்டேன். அந்தக் கப்பல்காரங்க பேட்டரி செத்து, முனகுத மாதிரி கூப்பிட்டுட்டு இருந்தாங்க."

கேட்டது நான்தான். 'கப்பல்ல சமையல்காரனா இருப்பான்' என்று அத்தை மகள்கள் கேலி பண்ணியது பொறுக்காமல், நடுக்கடலிலிருந்து என் பேருக்கு ஒரு தந்தி வந்தால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று எழுதிப் போட்டிருந்தேன். அப்பாவுக்கு அது தெரியாது.

"எத்தன பேரு?" என்றேன்.

"பத்தொம்பது. எல்லாரயும் ஏத்திட்டோம்."

எக்ஸ்சேஞ்ச் பெண் குறுக்கே வந்து, மூன்று நிமிடம் முடிந்தது என்றாள். அப்பா என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்.

கோபம் அப்படியேதான் இருந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னும் மூணு நிமிஷம் போடுங்கம்மா" என்றேன் அவளிடம்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

இரைச்சலுக்குள் அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"நீங்க எப்ப வாரீங்க? இல்ல, நான் அங்கன வரட்டுமா?"