ஆளுக்கு ஓர் ஆள்

சத்தியம் செய்துவிட்டுத் துணிப் பந்தலை விட்டு வெளியே வந்ததும், "ஒரு பேரைச் சொல்லுடா" என்றார் தலைவர்.

ரோமானியரை எதிர்க்க எங்கள் சாம்னியர்கள் திரட்டும் வெள்ளைப் படைக்கு ஆள் எடுப்பது அப்படித்தான். எடுக்கப்பட்டவன் இன்னொருவனை எடுக்க வேண்டும். அவன் அடுத்தவனை.

சத்தியம் செய்ய மாட்டேன் என்ற இரண்டு பேர் வெட்டுப்பட்டு, பலிகொடுத்த ஆடுகளோடு ஆடாக உள்ளே கிடந்தார்கள். அந்த ரத்தத்தில் நின்றுகொண்டுதான் நானும் சொன்னேன். ஓட மாட்டேன். எவன் ஓடினாலும், என் சொந்த ரத்தமே ஆனாலும், வெட்டுவேன்.

எதிரே, இன்னும் எடுக்கப்படாதவர்களின் வரிசையில் என் தம்பி ஸ்தேனிஸ் நின்றான். அப்பாவின் வெண்கலக் கச்சை அவன் இடுப்பில் தொளதொளவென்று கிடந்தது. இந்தப் படையின் வெள்ளைச் சட்டைமீதும் இறகு வைத்த தலைக்கவசத்தின்மீதும் அவனுக்கு அத்தனை ஆசை. என்னைச் சொல்லேன் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

போன குளிர்காலத்தில் ஓநாய் வந்தபோது, ஆட்டுக்கிடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தவன் இவன். ஊரே சிரித்தது. மற்றப் படையில் ஓடினாலும் சிரிப்போடு போய்விடும். இங்கே ஓடினால் பக்கத்தில் நிற்பவன் வெட்டுவான்.

"ஓவிஸ்" என்றேன்.

ஓவிஸ் நாதியற்றவன். எதற்கும் யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று. கோபித்துக்கொண்டாவது உயிரோடு கிட என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஓவிஸ் சத்தியம் முடித்து வந்தான். கண்ணெல்லாம் தண்ணீர். நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னையும் ஒரு மனுஷனா மதிச்சுக் கூப்பிட்டீங்களே அண்ணே! சும்மா விட்ருவனா? இப்பப் பாருங்க, உங்க தம்பியும் உங்ககூடத்தான் நிக்கப்போறான்."

அவன் வாயைப் பொத்துவதற்குள் பெயரைச் சொல்லிவிட்டான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ஸ்தேனிஸ் துள்ளிக்கொண்டு பந்தலுக்குள் போனான்.

வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்து, எனக்குப் பின்வரிசையில் நின்றான்.

"ஓடிகீடித் தொலைச்சிராதடா" என்றேன்.

"முன்னால நீ நிக்கிறப்ப நான் எதுக்குண்ணே ஓடப்போறேன்?"

ரோமானியர்கள் மேட்டில் ஏறி வந்த அன்று, ஓவிஸ்தான் முதலில் விழுந்தான். ஸ்தேனிஸ் ஓடவில்லை.

ஓடியது நான்.

திரும்பினால் எதிரே தம்பி, உருவிய வாளோடு. நான் செய்த அதே சத்தியத்தைச் செய்தவன். ஒரு கணம் என் முகத்தையே பார்த்தான். பிறகு வாளை இறக்கி, ஒதுங்கி வழிவிட்டான்.

"கேடயத்தப் போட்டுட்டு ஓடுண்ணே. திரும்பிப் பாக்காத."

நான் பாவி, பார்க்கவில்லை.